அச்சாரம் வாங்காத பிள்ளை

கிரிஸலுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், கரிக்குழிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய மாடிப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவளுடைய கால் மட்டும் தனியாகப் படியேறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவள் தொடையில் கிள்ளுவாள். கொஞ்சம் அடங்கும், மறுபடி தொடங்கும். வாரத்தில் ஆறு நாள் கரிக்கூடையை முதுகில் சுமந்து குழியின் படிக்கட்டில் ஏறுகிற கால், ஏழாம் நாள் ஓய்வு என்று போதகர் சொன்னால் நம்பிவிடுமா என்ன.

அந்தக் காலும் முதுகும் அவளுடையவை அல்ல. இப்படிச் சொன்னால் எங்கள் ஊர் ஹேலிரிக்கில் அந்தக் காலத்தில் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள். கரிக்குழி துரையுடையது. குழியில் இறங்குகிறவர்களும் குழியோடு சேர்த்திதான். துரை குழியை விற்றால் ஏணி, சங்கிலி, குதிரை, ஆட்கள் என்று எல்லாம் ஒன்றாகக் கைமாறும். தப்பி ஓடியவனைப் பிடித்து வந்தால், கரியை மேலே இழுக்கும் ராட்டினத்தைச் சுற்றும் குதிரைக்கு முன்னால் அவனை நிறுத்தி, குதிரையின் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்கவிடுவார்கள். ஒரு பகல் அப்படி நடந்தவன் இரண்டாம் தடவை ஓடியதில்லை.

பிறக்கிற பிள்ளையைக் குழியோடு சேர்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஞானஸ்நானம் முடிந்த கையோடு கங்காணி கோயில் வாசலில் அச்சாரத்தோடு வந்து நிற்பார். ஒரு ஜோடி சின்னத் தோல் பூட்ஸ், ஒரு குடம் பீர். தகப்பன் இடது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு வலது கையால் அதை வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் தீர்ந்தது, அந்தப் பிள்ளை சாகும்வரை துரையுடையது. பீரை அங்கேயே கல்லறைச் சுவரோரம் எல்லாரும் குடிப்பார்கள். கிரிஸலின் தகப்பனும் அப்படி வாங்கியவன்தான். அரைநாள் நடையில் எடின்பரோ இருக்கிறது. அங்கே படித்த கனவான்கள் மனிதனின் சுதந்திரம் பற்றி விடிய விடியப் பேசுவார்களாம். அவர்கள் பேசுகிற அறையைச் சூடாக்கியது எங்கள் கரிதான்.

அந்தப் பேச்சில் ஒரு துண்டு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் புதுப் போதகர் ஓகில்வி. கிளாஸ்கோ கல்லூரியில் ஒழுக்கவியல் படித்தவர். வெள்ளைக் கை, நல்ல குரல். அவருக்கு இந்தச் சபையை வாங்கிக் கொடுத்ததே துரைதான். அதனால் வாரம் ஒருநாள் துரை வீட்டில் சாப்பாடு. துரைக்கும் கல்லூரிப் பேச்சு பிடிக்கும். எடின்பரோவிலிருந்து விருந்தாளிகள் வரும்போது, எங்கள் போதகர் லேசுப்பட்டவர் இல்லை என்று காட்ட வேண்டாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓகில்வி பிரசங்கத்தில் இயற்கைச் சட்டத்தை எடுத்தார். ராஜா எழுதுவதற்கு முன்பே கடவுள் ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு சட்டம் எழுதியிருக்கிறார் என்றார். ஒருவனைக் கட்டுப்படுத்த அவனுடைய சொந்த விருப்பம் வேண்டும், தன்னுடையது அல்லாததை எவனும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். தகப்பன்கூடப் பிள்ளைக்குக் காவல்காரன்தானே தவிர சொந்தக்காரன் இல்லை என்றார். கீழே துரை தன் பெஞ்சில் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாடியில் எங்கள் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிரிஸல் மட்டும் விழித்திருந்தாள். அவளுக்கு அது நிறைமாதம், வயிற்றுக்குள் உதை.

இங்கேதான் அவள் ஒரு தப்புக் கணக்குப் போட்டாள். வேறு ஊர்க்காரி போட்டிருக்க மாட்டாள். எங்கள் கோயிலில் பிரசங்கம் முடிந்ததும் அதே இடத்திலிருந்துதான் துரையின் உத்தரவுகளை வாசிப்பார்கள். காணாமல் போன மாடு, புது வரி, ஓடிப்போன குழிக்காரனின் பெயர், எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாத எங்களுக்கு, கோயிலில் வாசித்துவிட்டால் அது சட்டம். துரை தலையாட்டினாரா, அப்படியானால் நேற்றுவரை இருந்த சட்டம் மாறிவிட்டது என்று கிரிஸல் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே புருஷன் நினியனைப் பிடித்தாள்.

"அப்பன் பிள்ளைக்குக் காவல்காரனாம், சொந்தக்காரன் இல்லியாம். கேட்டியா?"

"நான் தூங்கிட்டேன்."

"தெரியும். உன் குறட்டை துரை பெஞ்சு வரைக்கும் போச்சு. யோவ், இந்தப் பிள்ளைக்கு அச்சாரம் வாங்கக் கூடாது. சட்டம் மாறிட்டுது."

நினியன் கெட்டவன் இல்லை. குழிக்குள் படுத்தபடியே கரி வெட்டுகிறவன், நிதானமாக யோசிப்பான். அச்சாரம் வாங்கியவனுக்கு வீடு உண்டு, கால் ஒடிந்தால் கஞ்சிக்கு ஓட்ஸ் மாவு உண்டு, செத்தால் துரை செலவில் சவப்பெட்டி உண்டு என்று அவளிடம் விளக்கினான். வெளியில் திரிகிற கூலிக்காரனுக்குச் செத்த பிறகு ஒரு பலகைகூடக் கிடையாது. அவள் விடவில்லை. பிள்ளையின் பேரில் தகப்பன் கொடுக்கிற வாக்கே செல்லாது என்று போதகர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"சரி, செல்லாது," என்றான் நினியன். "செல்லாத வாக்குக்கு ஒருத்தன் பீர் குடுக்கறான். வாங்கிக் குடிச்சிட்டுப் போனா உனக்கென்னடி நஷ்டம்?"

அடுத்த சில நாட்கள் கூடையோடு படியேறும்போதெல்லாம் இதையே மென்றுகொண்டிருந்தாள். செல்லாத வாக்கு என்றால் வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன? ஆனால் அவளுடைய தகப்பன் கொடுத்ததும் செல்லாத வாக்குதானே. அப்படியென்றால் நான் ஏன் இந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன்? இந்தக் கேள்வி வந்ததும் நடுப்படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவளின் தலை இவளுடைய கூடையில் இடிக்க, அவள் இவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டினாள்.

கேட்டுவிடுவது என்று போதகர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவருடைய அக்கா ஆக்னஸ். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பிக்குச் சமைத்துப்போட வந்தவள், நாக்கு கத்தரிக்கோல். கிரிஸலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ஒரு பழைய சாக்கை எடுத்துச் சமையல்கட்டுத் தரையில் விரித்து, அதன் மேல் நிற்கச் சொன்னாள். உட்காரச் சொன்னாலும் கிரிஸல் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஓகில்வி வந்தார். ஒரு குழிக்காரி தன் பிரசங்கத்தை வரிவரியாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்டு முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அச்சாரம் என்ற சொல் வந்ததும் சந்தோஷம் வடிந்துவிட்டது. அவர் அச்சாரத்தை நினைத்துப் பேசவே இல்லை. பழைய ரோமாபுரி அடிமைகளையும், கடலுக்கு அப்பால் இருப்பவர்களையும் நினைத்துத்தான் பேசினார். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கரிமேடு அவருடைய கண்ணில் படவில்லை. படித்தவர்களுக்குத் தூரப்பார்வை அதிகம்.

இயற்கைப்படி அந்த வாக்கு செல்லாது, நாட்டு வழக்கப்படி செல்லும் என்று அவர் இழுத்தார். பிறகு கல்லூரியில் கற்ற இன்னொன்றும் சொன்னார். பிள்ளை வளர்ந்து, துரை வீட்டில் இருந்து, துரை கொடுப்பதைச் சாப்பிட்டு, எதிர்ப்பே சொல்லாமல் இருந்தால், அவன் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். மௌனம் சம்மதம்.

"செத்தவன்கூடத்தான் ஐயா சும்மா கிடக்கறான்," என்றாள் கிரிஸல். "அவனும் சம்மதிச்சிட்டானா?"

ஆக்னஸ் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். கிரிஸல் போதகரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கங்காணி அச்சாரத்தை நீட்டும்போது அங்கே நின்று, 'இது தகப்பன் கொடுக்கக்கூடியது இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாடியில் தூங்குகிறவர்களும் அப்போது விழித்திருப்பார்கள். அவர் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தன் பெயரை எங்கும் சொல்லித் திரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பெண் பிள்ளை பிறந்தது. லிலியாஸ் என்று பெயர் வைப்பதாக முடிவு. பெற்றவள் ஞானஸ்நானத்துக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, வீட்டில் படுத்திருக்க வேண்டும். தகப்பனும் பெண்டுகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நினியன் அச்சாரம் வாங்குவானா மாட்டானா என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்றால் யாருக்குச் சம்மதம் என்று கிரிஸலுக்குப் புரியவில்லை. அவர்கள் போன பின் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்து கோயிலுக்குப் போய்விட்டாள்.

அவள் வாசலுக்கு வந்தபோது உள்ளே எல்லாம் முடிந்து வெளியே நின்றிருந்தார்கள். கங்காணி ஹெரியட் பூட்ஸை நீட்டிக்கொண்டிருந்தார். நினியனின் இடது கையில் பிள்ளை. வலது கை பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றது. துரை சற்றுத் தள்ளித் தன் குதிரையருகே நின்றார். ஓகில்வி படியில் நின்றார், முகம் வெளுத்திருந்தது.

இதைச் சொல்லியாக வேண்டும்: ஓகில்வி பேசினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெளிவாக, ஒரு முழு வாக்கியம் பேசினார். லத்தீனில். அங்கே அது துரை ஒருவருக்குத்தான் புரிந்தது. துரை சிரித்து, அதே லத்தீனில் ஏதோ பதில் சொன்னார். கனவான்கள் இருவரும் தங்களுக்குள் விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் இது ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நினியனின் கை மறுபடி நகர்ந்தது. கிரிஸல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவனுடைய இடது கையிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

ஹெரியட் கத்தவில்லை. அவர் முறை தவறாத மனிதர். "கையில பிள்ளை இல்லாம அச்சாரம் செல்லாது," என்று பூட்ஸைக் கீழே இறக்கினார். "குடுத்துடு கிரிஸல். எல்லாருக்கும் தொண்டை காயுது."

"சட்டம் மாறிட்டுதுங்க. கோயில்ல வாசிச்சாங்க, துரையும் தலையாட்டினாரு."

சிரிப்பு கிளம்பியது. ஹெரியட் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தப்புக் கணக்கு எங்கே என்று அவருக்குத்தான் முதலில் புரிந்தது. "அது பிரசங்கம்மா," என்றார். "சட்டம் எடின்பரோவுல, வெள்ளை டோப்பா வெச்ச ஜட்ஜுங்ககிட்ட இருக்கு. அதை யாரும் மாத்தலே."

கிரிஸல் போதகரைப் பார்த்தாள். போதகர் தன் பூட்ஸைப் பார்த்தார். ஆனாலும் அவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஹெரியட் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்ததையும் நிதானமாகவே சொன்னார். வற்புறுத்தி அச்சாரம் கொடுக்கிற வழக்கம் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். பிள்ளை துரையுடையது இல்லை. ஆனால் அவர்கள் குடியிருக்கிற வீடு துரையுடையது, கணப்பில் எரிகிற கரி துரையுடையது, நாளைக்கு மறுபடி குழியில் இறங்கப்போகிற கிரிஸலும் துரையுடையவள். "துரைக்குச் சொந்தமில்லாதது துரை கூரைக்குக் கீழ தங்காது. பொழுது சாயறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

நினியன் அவளுடைய தோளைத் தொட்டான். குடுத்துடு புள்ள, நம்ம கூடவே இருக்கட்டும் என்றான். அவன் குரல் கெஞ்சியது. அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாததாக இருந்தது. அவள் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுத் தூங்க ஆசைப்பட்டாள். உலகத்தில் வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

நேராகப் போதகரிடம் நடந்தாள்.

"பிள்ளை யாருக்கும் சொந்தமில்லன்னு சொன்னீங்களே ஐயா. யாருக்கும் சொந்தமில்லாதது எங்க தூங்கும்?"

கிளாஸ்கோவில் இதற்குப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். ஓகில்வி துரையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அப்போது ஆக்னஸ் கூட்டத்திலிருந்து வந்து பிள்ளைக்கு இரண்டு கையையும் நீட்டினாள். "இப்படிக் குடு," என்று கிரிஸலிடம் சொல்லிவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "பிரசங்கம் நீ பண்ணிட்டே. இனிமே தொட்டில் யாரு ஆட்டுறது, உன் பேராசிரியரா?"

ஓகில்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய கோழைத்தனத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் அவர் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு அவர் விலையும் கொடுத்தார். வாரச் சாப்பாடு அத்தோடு நின்றது. போதகர் வீடு சபையுடையது, ஆனால் அதன் கூரையைப் பழுது பார்ப்பது துரையின் பொறுப்பு. அந்தக் கூரை ஒழுகத் தொடங்கியபோது துரைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஓடு கிடைக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை. கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக ஊறிப் பூசணம் பிடித்தன. இயற்கைச் சட்டத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பிரசங்கம் செய்யவில்லை. பொறுமையைப் பற்றி நிறையச் செய்தார்.

பால் குடிக்கிற பிள்ளை என்பதால் கிரிஸல் வேலைக்கு முன்னும் பின்னும் போதகர் வீட்டுப் பின்வாசலுக்கு ஓடுவாள். ஆக்னஸ் அவளைக் கிணற்றடியில் நிறுத்திக் கழுத்துவரை கழுவிக்கொள்ளச் சொல்வாள், பனிக்காலத்திலும். பிறகு சமையல்கட்டில் பிள்ளையைக் கையில் கொடுப்பாள். கழுவிய பிறகும் காது மடிப்பில், நகக்கண்ணில் கரி இருக்கும். பிள்ளையின் கன்னத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் விழும். அவள் கிளம்பியதும் ஆக்னஸ் அதைத் துடைத்துவிடுவாள். இப்படிக் குழிக்கும் அந்தக் கதவுக்கும் ஓடி ஓடியே கிரிஸல் இளைத்துப்போனாள். நினியன் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடிக்காமல் போன பீரைப் பற்றி ஊர் அவனைக் கேலி செய்துகொண்டே இருந்தது. அவன் அதற்காகப் பேசாமல் இருக்கவில்லை, அவனுக்கும் பிள்ளை வேண்டியிருந்தது.

பால் மறந்ததும் அவள் அங்கே போவதற்கு ஒரு சாக்கு இல்லாமல் போயிற்று. போதகர் வீட்டுக்குக் கரி கொண்டுபோகிற முறையை மற்றப் பெண்களிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, பின்வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியிலிருந்து கீழே போதகர் வீட்டுப் பெஞ்சைப் பார்ப்பாள். வெள்ளைக் கழுத்துப்பட்டி, பின்னிய தலை, அசையாமல் உட்காரப் பழகிய பிள்ளை. ஒருநாள் லிலியாஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு ஆக்னஸிடம், அங்கே காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற பொம்பளை யார் என்று கேட்டாளாம். உன் அம்மா என்று ஆக்னஸ் மறைக்காமல் சொன்னாள். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டதாம். இதை ஆக்னஸே கிரிஸலிடம் சொன்னாள், நல்ல எண்ணத்தோடுதான். கிரிஸல் சிரித்தாள். திரும்பி வருகிற வழியில் வேலியோரம் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். கிரிஸல் மூத்தவனைச் சுமந்திருக்கும்போதே ஆக்னஸிடம் போனாள். ஆக்னஸ் ஒழுகுகிற கூரையைக் காட்டினாள். ஒன்றுக்குத்தான் என்னால் முடியும், என் தம்பியைக் கொன்றுவிடாதே என்றாள். கிரிஸலுக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பையன்களின் ஞானஸ்நான நாளில் அவள் வழக்கப்படி வீட்டிலேயே படுத்திருந்தாள். கோயில் பக்கமிருந்து பீர் குடித்தவர்களின் பாட்டு கேட்டது. இரண்டு தடவையும் அவள் எழுந்திருக்கவில்லை. பெண்ணை விடுவித்த அதே கையால் இரண்டு பையன்களைக் குழியோடு கட்டிப்போட்டாள். அவர்கள் நல்ல பையன்கள். ராத்திரி அவளுடைய இரண்டு பக்கமும் சூடாகப் படுத்துத் தூங்கினார்கள், வளர்ந்ததும் தகப்பனோடு குழியில் இறங்கினார்கள். அம்மாவிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.

நினியன் மேல் குழியின் கூரை விழுந்தது. துரை சவப்பெட்டி கொடுத்தார். அந்த விஷயத்தில் சொன்ன சொல் தவறவில்லை.

லிலியாஸ் வளர்ந்து பெரியவளாகி, ஒருநாள் காலையில் தானாகக் குழிக்காரர் வீட்டு வரிசைக்கு வந்தாள். அதற்கு முன் அவள் கிரிஸல் வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை. வெளியூர் போக உடுத்திய பாவாடை, கையில் ஒரு மூட்டை. கிரிஸல் குழிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கண்டதும் இருந்த ஒரே முக்காலியைத் துணியால் துடைத்தாள்.

"உட்காரலீங்க. வண்டி வந்துரும்," என்றாள் லிலியாஸ். கிளாஸ்கோவில் துணி நெய்கிறவர் ஒருவர் வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றைக்கே போகிறேன் என்றாள். படிப்பு வாசனையுள்ள, சுத்தமான பேச்சு. கிரிஸல் நல்லது என்றாள். இந்த நாளுக்காகத்தான் அவள் எல்லாவற்றையும் செய்தாள், வந்துவிட்டது.

லிலியாஸ் போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்குப் பிள்ளையை அடுத்தவங்களுக்குக் குடுக்கற உரிமை இல்லன்னு போதகர் ஐயா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. அம்மாவுக்கு இருக்கா?"

கிரிஸலுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"கங்காணிக்கு என்னைக் குடுக்கலே. சரி. அந்த வீட்டுக்குக் குடுத்தீங்களே." குரல் உடைந்து, மரியாதையும் கூடவே உடைந்தது. "தம்பிங்க ரெண்டு பேரும் உன் பக்கத்துல படுத்தானுங்க. நான் அந்தச் சமையல்கட்டுல தனியா படுத்தேன். என்னைக் கேட்டியா நீ?"

இந்தக் கேள்வி வரும் என்று கிரிஸல் ஒருநாளும் நினைத்திருக்கவில்லை. நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தாள், அல்லது ஒன்றும் சொல்லாமலே போய்விடுவாள் என்று. படியில் ஏறும்போதெல்லாம் மனதுக்குள் யாரிடமோ நியாயம் சொல்லிக்கொண்டே இருந்தவள்தான். ஹெரியட்டிடம், துரையிடம், நினியனிடம். அந்த நியாயங்களில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

"கேக்கலே," என்றாள். "கேட்டிருந்தா உன் கூடவே இருக்கேம்மான்னு சொல்லியிருப்பே. அதனாலதான் கேக்கலே."

லிலியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு லிலியாஸ் மூட்டையை எடுத்தாள். கிரிஸலும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அவளோடு நடந்தாள், ஊர் எல்லைக் கல்வரைக்கும். அதைத் தாண்டக் குழிக்காரருக்குக் கங்காணியின் அனுமதி வேண்டும். அங்கே வண்டி நின்றிருந்தது. லிலியாஸ் ஒரு வினாடி தயங்கினாள். பிறகு திரும்பி, கூடையோடு சேர்த்துத் தாயைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய வெளியூர்ப் பாவாடையெல்லாம் கரியாயிற்று.

"போய்ட்டு வரேம்மா," என்றாள்.

"வராதே," என்றாள் கிரிஸல். "எங்க வேணா போ. இங்க மட்டும் திரும்பி வராதேடி."

வண்டி கிளம்பியது. மகள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டும், ஒரே ஒரு தடவை பார்க்கமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டும், கிரிஸல் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள். குழியில் மணி அடித்தது. அவள் இறங்கப் போனாள்.